லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை இணைப்பு அறுபடுகிறதா? பழுது எங்கே என்று கண்டறியும் முறை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்கு மாற்ற இயலாத, எனினும் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடிய மடிக்கணினிகள் பல வீடுகளில் உள்ளன. அவற்றைக் கழித்துவிடாமல் இருப்பதற்கான வழிகளுள் ஒன்று, கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை அவற்றில் நிறுவுவதாகும். உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவை அதன் பரவலான பதிப்புகள். லினக்ஸ் தமிழருக்குப் புதியதும் அன்று. தமிழ்நாட்டு அரசு 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்திலும் பாஸ் எனப்படும் இந்திய லினக்ஸ் பதிப்பு இடம்பெற்றிருந்தது.

இவ்வாறு மாறியவர்கள் எதிர்கொள்ளும் முதன்மையான இடர் வைஃபை இணைப்பாகும். இணைப்பு சிறிது நேரம் நன்றாக இருக்கும். பின்னர் காரணம் தெரியாமல் அறுபடும். சில நொடிகளில் தானாகத் திரும்பும், அல்லது கணினியை மீண்டும் தொடக்கும் வரை திரும்பாது. அடியோடு இல்லாத இணைப்பைக் காட்டிலும் இவ்வாறு விட்டுவிட்டு வரும் இணைப்பே கூடுதல் சிக்கலைத் தருகிறது. பழுது பார்ப்பவர் முன்னிலையில் அது ஒழுங்காக இயங்குவதும், தேவைப்படும் நாளில் அறுபடுவதும் இயல்பு.

இதன் விளைவு பொழுதுபோக்கோடு நின்றுவிடுவதில்லை. கனடா குடிவரவு மற்றும் அகதிகள் சபையின் விசாரணைகள் இப்போது பெரும்பாலும் காணொளி வழியாகவே நடைபெறுகின்றன. வேலைக்கான நேர்காணல், பிள்ளைகளின் வகுப்பு, மருத்துவருடனான தொலைச் சந்திப்பு ஆகியவையும் அவ்வழியே நிகழ்கின்றன. ஒரு கோரிக்கையாளர் தமது வாழ்க்கையில் நேர்ந்ததை மொழிபெயர்ப்பாளர் ஊடாக எடுத்துரைக்கும்போது இணைப்பு அறுபடுமானால், பாதி கேட்ட வாக்கியத்தின் பொருள் மாறிவிடக்கூடும்.

மூன்று இடங்கள், மூன்று பொறுப்பாளர்கள்

இணைப்பு அறுபட்டவுடன் பலரும் செய்வது இரண்டு. ஒன்று, லினக்ஸ் உதவாது என்று முடிவுசெய்து புதிய மடிக்கணினி வாங்குவது. மற்றது, இணைய வேகம் போதாது என்று எண்ணி, மாதக் கட்டணம் கூடிய திட்டத்துக்கு மாறுவது. பழுது எங்கே உள்ளது என்று அறியாமல் செய்யப்படும் இவ்விரு செலவுகளும் வீணாகலாம்.

பழுது மூன்று இடங்களுள் ஒன்றில் இருக்கும். முதலாவது, ரவுட்டருக்கும் மடிக்கணினிக்கும் இடையிலுள்ள வெளி: சுவர்கள், தொலைவு, அயல்வீட்டு வைஃபைகளின் நெரிசல். இரண்டாவது, ரவுட்டரும் அதற்கு அப்பால் உள்ள இணைய நிறுவனத்தின் சேவையும். மூன்றாவது, மடிக்கணினி தானே: அதன் வைஃபை சில்லும், அதனை இயக்கும் மென்பொருளும், அமைப்புகளும்.

இந்த வேறுபாடு தொழில்நுட்பத்துக்கு மட்டும் உரியதன்று. முதலாவதைப் பயனாளரே பெரும்பாலும் சீர்செய்யலாம். இரண்டாவதற்கு இணைய நிறுவனமோ, வாடகையோடு இணையமும் தருவதாக ஒப்புக்கொண்ட வீட்டு உரிமையாளரோ பதில்சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு மடிக்கணினியை விற்றவரிடம் செல்ல இடமிருக்கலாம். இடம் தெரிந்தால்தான் யாரிடம் கேட்பது என்பது தெரியும்.

அரை மணி நேரத்தில் நான்கு சோதனைகள்

1. கைத்தொலைபேசிச் சோதனை. இணைப்பு அறுபடும் அதே மேசையில், அதே வைஃபையில் கைத்தொலைபேசியை இணைத்து, அதன் செல்பேசித் தரவை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காணொளி அழைப்பில் இருக்கவும். தொலைபேசியிலும் அறுபடுமானால் லினக்ஸ் மீது ஐயம் கொள்ளத் தேவையில்லை. தொலைபேசி சீராக இயங்க, மடிக்கணினி மட்டும் அறுபட்டால், பழுது பெரும்பாலும் மடிக்கணினியில் உள்ளது.

2. இடம் மாற்றிய சோதனை. மடிக்கணினியை ரவுட்டரிலிருந்து இரண்டு மீற்றர் தொலைவில், இடையே சுவர் இல்லாமல் வைத்துப் பார்க்கவும். அங்கே சீராகவும் படுக்கையறையில் சீரற்றும் இருந்தால், காரணம் இடைவெளியில் உள்ளது.

3. கம்பிச் சோதனை. ரவுட்டரையும் மடிக்கணினியையும் ஈதர்நெட் கம்பியால் இணைக்கவும். கம்பி செருகும் துளை இல்லாத மடிக்கணினிக்கு யூஎஸ்பி வழியாகப் பொருத்தும் சிறு இணைப்பி கடைகளில் கிடைக்கும். கம்பியிலும் அறுபட்டால் வைஃபை குற்றவாளி அன்று. ரவுட்டரையோ நிறுவனத்தின் சேவையையோ பார்க்க வேண்டும்.

4. பிங் சோதனை. பிங் என்பது ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அளக்கும் ஆணை. லினக்ஸில் டெர்மினல் எனப்படும் ஆணைத் திரையைத் திறந்து அதனை இடலாம். ஆணைகளை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பு மட்டும் தமிழில் தரப்படுகிறது.

முதலில் ரவுட்டரின் முகவரியை அறிய வேண்டும். பிணைய அமைப்புகளில், இணைப்பின் விபரப் பக்கத்தில் ‘டிஃபோல்ட் ரூட்’ என்ற வரியில் அது காணப்படும். பெரும்பாலும் 192.168.0.1, 192.168.1.1, 10.0.0.1 என்பன போன்ற எண்ணாக இருக்கும். இரண்டு டெர்மினல் திரைகளைத் திறந்து, ஒன்றில் ‘பிங்’ என்ற சொல்லையும் ரவுட்டர் முகவரியையும், மற்றதில் ‘பிங்’ என்ற சொல்லையும் 1.1.1.1 என்ற வெளியுலக முகவரியையும் இட்டு, இரண்டையும் ஒரே வேளையில் ஓடவிடவும். கொன்ட்ரோல் விசையோடு சி விசையை அழுத்தினால் அவை நிற்கும். நூற்றுக்கு எத்தனை செய்திகள் தொலைந்தன என்ற கணக்கு இறுதி வரிகளில் வரும்.

விடையை வாசிப்பது எளிது. இரண்டு திரைகளும் ஒரே நேரத்தில் தடைப்பட்டால், பழுது மடிக்கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையில் உள்ளது. ரவுட்டர் தவறாமல் பதில் சொல்ல, வெளி முகவரி மட்டும் மௌனமானால், வீட்டுக்குள் குறையில்லை. ரவுட்டருக்கு அப்பால் உள்ள சேவையே தடைப்படுகிறது. இரண்டும் பதில் சொல்லியும் இணையப் பக்கங்கள் திறக்கவில்லையானால், இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையில் குறை இருக்கலாம்.

முதலாம் இடம்: சுவர்களும் அயல்வீடுகளும்

மொன்றியல் வீடுகள் வைஃபைக்கு எப்போதும் இசைவானவை அல்ல. பழைய இரட்டை, மும்மாடி வீடுகளின் செங்கற் சுவர்களும், அடுக்குமாடிகளின் கொங்கிறீற் சுவர்களும், அறைதோறும் நிற்கும் வார்ப்பிரும்பு வெந்நீர் வெப்பமூட்டிகளும் அலையை உறிஞ்சவோ திருப்பவோ செய்கின்றன. நிலக்கீழ் அறையில் கம்பி வந்துசேரும் மூலையிலேயே ரவுட்டரை வைத்துவிட்டு, மேல்மாடியில் அலையை எதிர்பார்ப்பது பல வீடுகளில் காணப்படும் தவறு.

வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 தொலைவு செல்லும், சுவரையும் ஓரளவு கடக்கும். ஆனால் நெரிசல் மிகுந்தது. கனடாவில் அதில் 1 முதல் 11 வரையான தடங்கள் பயன்பாட்டில் உள்ளன. அவற்றுள் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்றே. பார்க் எக்ஸ்டென்ஷன், கோட்-டே-நேஜ் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் இந்த மூன்று தடங்களையும் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. நுண்ணலை அடுப்பு, புளூடூத் கருவிகள் ஆகியவையும் அதே அலைவரிசையில் இயங்குபவை. மடிக்கணினியோடு ஒட்டிச் செருகிய யூஎஸ்பி 3 வன்தட்டும் அதில் இரைச்சலை எழுப்பக்கூடும். 5 கிகாஹெர்ட்ஸ் குறுகிய தொலைவே செல்லும். எனினும் அதில் தடங்கள் மிகுதி, நெரிசல் குறைவு.

சுற்றிலும் உள்ள வைஃபைகளைப் பார்வையிட ‘என்எம்சிஎல்ஐ டெவ் வைஃபை’ என்ற ஆணை உதவும். ஒவ்வொரு வைஃபையின் பெயர், தட எண், 100க்கு எத்தனை என்ற அலை வலிமை ஆகியவை பட்டியலாக வரும். வீட்டு வைஃபையின் வலிமை, அமர்ந்திருக்கும் இடத்தில் 40க்குக் கீழே இருந்தால் காணொளி அழைப்பில் இடையூறு எதிர்பார்க்கத்தக்கது. வலிமை நன்றாக இருந்தும், அதே தட எண்ணில் வலுவான வேறு பல பெயர்கள் இருந்தால், நெரிசலே காரணமாக இருக்கலாம். யூலை 1ஆம் திகதி, நகரின் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலானவை மாறும் நாள். அதன்பின் அயலில் புதிய ரவுட்டர்கள் வந்து, அதுவரை அமைதியாக இருந்த தடம் நெரிசலாகிவிடுவது உண்டு. எனவே, எந்த மாதத்தில் இடர் தொடங்கியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

செய்யத்தக்கவை மூன்று. ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து உயரமாக, உலோகப் பொருள்களிலிருந்து விலக்கி வைக்கவும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், நெரிசல் குறைந்த தடத்தைத் தெரிவுசெய்யவும். மடிக்கணினியை இயன்றவரை 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் நிலைநிறுத்தவும். இரண்டு வரிசைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரவுட்டர்களில், மடிக்கணினி இரண்டுக்கும் இடையே தாவித் தாவி இணைப்பை இழக்கக்கூடும். லினக்ஸின் இணைப்புத் திருத்தியில், குறிப்பிட்ட வைஃபைக்குரிய ‘பான்ட்’ என்ற இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று குறித்துவிட்டால் அத்தாவல் நிற்கும்.

இரண்டாம் இடம்: ரவுட்டரும் சேவை நிறுவனமும்

கம்பிச் சோதனையிலும் தடை ஏற்பட்டால், அல்லது வெளி முகவரிக்கான பிங் மட்டும் தொலைந்தால், ரவுட்டரின் மின்னிணைப்பைக் கழற்றி ஒரு நிமிடம் கழித்து மீண்டும் இணைக்கவும். அதனால் சீராகாவிடில் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கவும். திகதி, நேரம், எவ்வளவு நேரம் தடைப்பட்டது, கம்பியிலா வைஃபையிலா, பிங் கணக்கு என்ன என்ற ஐந்து விபரங்கள் போதும். ஒரு வாரக் குறிப்பு கையில் இருந்தால், ‘உங்கள் கணினியில்தான் குறை’ என்ற பதிலோடு உரையாடல் முடிந்துவிடாது.

கனேடிய வானொலி, தொலைக்காட்சி மற்றும் தொலைத்தொடர்பு ஆணைக்குழு வகுத்த இணையக் கோவை 2020 சனவரி 31 முதல் நடைமுறையில் உள்ளது. பெரிய இணைய நிறுவனங்கள் தனிநபர் வாடிக்கையாளருக்குத் தெளிவான ஒப்பந்தத்தையும் கட்டண விபரத்தையும் தரவேண்டும் என அது விதிக்கிறது. நிறுவனத்திடம் முறையிட்டும் தீர்வு கிடைக்காதவர்கள், தொலைத்தொடர்பு மற்றும் தொலைக்காட்சிச் சேவைகளுக்கான முறைப்பாட்டு ஆணைக்குழுவை அணுகலாம். ஆங்கிலத்தில் சிசிடிஎஸ் என்றும் பிரெஞ்சில் சிபிஆர்எஸ்டி என்றும் சுருக்கி அழைக்கப்படும் இந்த அமைப்பு வாடிக்கையாளரிடம் கட்டணம் பெறுவதில்லை. முதலில் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முறையிட்ட நாளையும் கிடைத்த பதிலையும் குறித்துவைக்கவும்.

வாடகையோடு இணையமும் சேர்த்துத் தரப்படும் வீடுகளில் நிலைமை வேறு. இணையம் வாடகையில் அடங்கும் என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால், அதனை வழங்குவது உரிமையாளரின் கடமை. அக்கடமை நிறைவேறாதபோது, கியூபெக் குடியியல் சட்டக்கோவையின் 1863ஆம் உறுப்புரையின்படி வாடகைக் குறைப்புக் கோரலாம். அதற்கான இடம் வீட்டுவசதி நிருவாகத் தீர்ப்பாயம். 2020 ஓகஸ்ட் இறுதிவரை அது ரெஜி டு லொஜ்மான் என்று அழைக்கப்பட்டது. குறையை முதலில் உரிமையாளருக்கு எழுத்தில் அறிவிக்கவும். தீர்ப்பாயத்தின் ஆணை இல்லாமல், வாடகையைத் தாமாகவே குறைத்துச் செலுத்துதல் கூடாது. அது குடியிருப்பவருக்கே பாதகமாக முடியும்.

பெயர் மாற்றும் டிஎன்எஸ் சேவையில்தான் குறை என்றால், வேறொரு சேவையைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். டொட் சிஏ என்று முடியும் இணையப் பெயர்களை நிருவகிக்கும் கனேடிய இணையப் பதிவு ஆணையம், கனடியன் ஷீல்ட் என்ற சேவையை 2020 முதல் வழங்கிவருகிறது. அதன் முகவரிகள் 149.112.121.10, 149.112.122.10 என்பன. லினக்ஸின் வைஃபை அமைப்பில், டிஎன்எஸ் என்ற இடத்தில் இவற்றை எழுதலாம். வீட்டு வைஃபைக்கு மட்டும் இவ்வாறு செய்தல் நன்று. காரணம் பின்னர் கூறப்படும்.

மூன்றாம் இடம்: மடிக்கணினி

மடிக்கணினியே காரணம் என்று சோதனைகள் காட்டினால், கீழ்வரும் ஒழுங்கில் பார்க்கவும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாள் கவனிக்க வேண்டும். ஐந்தை ஒருசேர மாற்றினால் எது பயன்தந்தது என்பது தெரியாமற் போகும்.

மின்சேமிப்பு. மின்கல ஆயுளைக் கூட்டுவதற்காக, லினக்ஸ் வைஃபை சில்லை இடையிடையே உறங்கவைக்கிறது. சில சில்லுகள் அந்த உறக்கத்திலிருந்து நேரத்தோடு விழிப்பதில்லை. அப்போது இணைப்பு தயங்கும், அல்லது அறுபடும். இது அடிக்கடி காணப்படும் காரணம், சரிசெய்வதற்கும் எளியது. உபுண்டு, மின்ட் இரண்டிலும், முதன்மைக் கோப்பகத்தில் ‘ஈடிசி’, அதனுள் ‘நெட்வொர்க் மேனேஜர்’, அதனுள் ‘கொன்ஃப் டி’ என்ற கோப்புறையில், பெயரில் ‘வைஃபை பவர்சேவ்’ என்று வரும் சிறு கோப்பு ஒன்று இருக்கும். அதில் 3 என்றிருந்தால் மின்சேமிப்பு இயங்குகிறது. 2 என்று மாற்றிக் கணினியை மீண்டும் தொடக்கினால் அது நின்றுவிடும். கோப்பைத் திருத்துவதற்குக் கணினியின் நிருவாகக் கடவுச்சொல் தேவைப்படும். மின்கலம் சற்று விரைவாகத் தீரும்; வேறு தீங்கில்லை.

டிரைவரும் ஃபெர்ம்வெயரும். வைஃபை சில்லோடு இயங்குதளம் பேசுவதற்கு உதவும் மென்பொருள் டிரைவர். சில்லின் உள்ளேயே ஏற்றப்படும் மென்பொருள் ஃபெர்ம்வெயர். ‘இன்க்சி’ என்ற ஆணையை, சிறுகோடு, பெரிய என் எழுத்து ஆகியவற்றோடு இட்டால் சில்லின் பெயர் தெரியும். இன்டெல் சில்லுகளுக்கான டிரைவர் லினக்ஸிலேயே அடங்கியிருக்கிறது. பழைய மக்புக் கணினிகள் பலவற்றில் உள்ள பிராட்கொம் சில்லுகளுக்குத் தனி டிரைவர் தேவைப்படலாம்; மின்டில் ‘டிரைவர் மேனேஜர்’ என்ற செயலி அதனைத் தேடித்தரும். ரியல்டெக் சில்லுகளுள் சிலவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். 8723பிஈ என்ற ரியல்டெக் சில்லும் ஒரேயோர் உணர்கொம்பும் உள்ள சில மடிக்கணினிகளில், டிரைவர் கொம்பு இல்லாத முனையைத் தெரிவுசெய்துவிடுவதால், ரவுட்டருக்கு அருகிலும் அலை மிகக் குறைவாகக் காட்டும். டிரைவருக்கு ஒரு சிறு அமைப்பு வரி எழுதினால் அது சீராகும்; இதற்கு அனுபவம் உள்ளவரின் உதவியை நாடலாம்.

புதிய மென்பொருளை இறக்குவதற்கே இணையம் இல்லை என்ற நிலை வந்தால், கைத்தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியில் செருகி, தொலைபேசியில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்கவும். லினக்ஸ் அதனைக் கம்பி இணைப்பாக ஏற்றுக்கொள்ளும்.

புதுப்பித்தலுக்குப் பிந்திய பழுது. நேற்றுவரை நன்றாக இருந்து, கணினியைப் புதுப்பித்த மறுநாள் முதல் அறுபட்டால், லினக்ஸின் கருவான கேர்னலின் புதிய பதிப்பு காரணமாக இருக்கலாம். கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ என்பதைத் தெரிவுசெய்தால், முந்தைய கேர்னலில் தொடங்க முடியும். அதில் இணைப்பு சீரானால் காரணம் தெரிந்துவிட்டது. அடுத்த புதுப்பித்தல் வரும்வரை பழையதிலேயே தொடரலாம்.

மூடித் திறந்தபின் வராத இணைப்பு. மடிக்கணினியை மூடித் திறந்த பின்னர் மட்டும் வைஃபை வராவிடில், வைஃபையை நிறுத்தி மீண்டும் இயக்கினாலே போதுமா என்று பார்க்கவும். சில விசைப்பலகைகளில் விமானக் குறியிட்ட விசை தவறுதலாக அழுத்தப்பட்டு, வைஃபை அணைந்திருப்பதும் உண்டு.

பாதுகாப்பு முறை. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்ற இரண்டு பாதுகாப்பு முறைகளையும் கலந்து தரும் ரவுட்டரோடு சில பழைய சில்லுகள் ஒத்துப்போவதில்லை. ரவுட்டரில் டபிள்யூபிஏ2 மட்டும் என்று மாற்றிப் பார்க்கலாம். பாதுகாப்பே இல்லாத திறந்த வைஃபையாக மட்டும் மாற்றக்கூடாது.

இவை எதனாலும் பயனில்லையானால், யூஎஸ்பியில் செருகும் வெளி வைஃபைக் கருவி ஒன்றை வாங்குவது புதிய மடிக்கணினியைவிட மிகச் செலவு குறைந்தது. வாங்குமுன், அதன் சில்லுக்கு லினக்ஸிலேயே டிரைவர் உள்ளதா என்று உறுதிசெய்யவும். பெட்டியில் விண்டோஸ் என்று மட்டும் எழுதியிருந்தால், திருப்பிக் கொடுக்க இயலுமா என்று கடையில் கேட்டுக்கொள்ளவும்.

நூலகத்திலும் பொது இடத்திலும்

மொன்றியலுக்கும் லினக்ஸுக்கும் வைஃபைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 2003இல் இந்நகரின் தன்னார்வலர்கள் ஈல் சான் ஃபீல், அதாவது ‘கம்பியற்ற தீவு’ என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி, உணவகங்களிலும் பொது இடங்களிலும் இலவச வைஃபை கிடைக்கச் செய்தனர். அதற்காக அவர்கள் ஆக்கிய வைஃபைடொக் என்ற கட்டற்ற மென்பொருள், லினக்ஸில் இயங்கும் சிறு ரவுட்டர்களில் நிறுவப்பட்டது. இணைந்தவரை முதலில் ஒரு வரவேற்புப் பக்கத்துக்கு அழைத்துச் சென்று, அதன்பின் இணையத்தைத் திறந்துவிடுவது அதன் வேலை.

இன்றும் பல பொது இடங்களில் அத்தகைய வரவேற்புப் பக்கம் வழக்கில் உள்ளது. லினக்ஸ் மடிக்கணினியில் சில வேளை அப்பக்கம் தானாகத் தோன்றுவதில்லை. வைஃபை இணைந்ததாகக் காட்டும், ஆனால் ஒன்றும் திறக்காது. இது பழுதன்று. உலாவியைத் திறந்து, பூட்டுக்குறி இல்லாத பழைய முறை முகவரி ஒன்றை இட்டால் வரவேற்புப் பக்கம் வந்துவிடும். இதற்கென்றே ‘நெவர்எஸ்எஸ்எல் டொட் கொம்’ என்ற முகவரி உள்ளது. விபிஎன் இயங்கினால் முதலில் நிறுத்தவும். டிஎன்எஸ் முகவரியைக் கையால் எழுதியிருந்தாலும் அப்பக்கம் மறைந்துவிடும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அதனை எழுதுமாறு மேலே கூறியது இதனாலேயே.

வீட்டில் பழுது தீரும்வரை, நகர நூலகங்களின் வைஃபையையும் அங்குள்ள கணினிகளையும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். நூலகத்தில் மடிக்கணினி சீராக இயங்கினால், அதுவும் ஒரு சோதனையே: பழுது வீட்டில் உள்ளது என்பதற்கு அது நல்ல சான்று.

விசாரணை அல்லது நேர்காணல் நாளுக்கு முன்

பழுதை முற்றாகத் தீர்க்க நேரமில்லாமல் முக்கியமான நாள் நெருங்கினால், வைஃபையை நம்பியிருத்தல் கூடாது. ஈதர்நெட் கம்பி ஒன்றை ஆயத்தமாக வைக்கவும். கைத்தொலைபேசியின் யூஎஸ்பி இணைப்பை முதல்நாளே ஒருமுறை ஒத்திகை பார்க்கவும். மைக்ரோசொஃப்ட் டீம்ஸ் செயலியின் தனி லினக்ஸ் பதிப்பு 2022 இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே டீம்ஸ் கூட்டங்களுக்கு உலாவி வழியாகவே நுழைய வேண்டும். ஒலிவாங்கியும் கமராவும் உலாவியில் இயங்குகின்றனவா என்று முன்கூட்டியே பார்க்கவும். அன்றைய நாள் முடியும்வரை கணினியைப் புதுப்பிக்க வேண்டாம்.

குடிவரவு மற்றும் அகதிகள் சபையில் விசாரணையை நேரில் நடத்துமாறு கோரும் வழி உண்டு. வீட்டு இணைப்பு நம்பத்தக்கதன்று என்று அறிந்தவர்கள், சட்டத்தரணியிடம் அதனை நேரத்தோடு தெரிவிக்க வேண்டும். விசாரணையின்போது இணைப்பு அறுபட்டால், திரும்பியவுடன் எந்த இடத்திலிருந்து கேட்கவில்லை, எந்த வாக்கியம் முடியாமல் நின்றது என்பதைத் தயங்காமல் கூறி, அதனைப் பதிவில் இடும்படி கேட்கவும். கேட்காததைக் கேட்டதுபோல் தலையசைத்து விடுவது பின்னர் திருத்தற்கு அரிய பிழையாகிவிடக்கூடும்.

கணினியை விற்றவரின் பொறுப்பு

கியூபெக் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம், 38ஆம் பிரிவுகள், வணிகர் விற்கும் பொருள் அதற்குரிய வழமையான பயனுக்கு ஏற்றதாகவும், நியாயமான காலத்துக்கு உழைப்பதாகவும் இருக்கவேண்டும் என்கின்றன. செப்பனிட்டு விற்கப்படும் மடிக்கணினிக்கும் இது பொருந்தும். ஆனால் விலையும் பயன்படுத்திய விதமும் கருத்திற்கொள்ளப்படும். விற்றவரே லினக்ஸை நிறுவித் தந்தாரா, வாங்கியவர் பின்னர் நிறுவினாரா என்பது இங்கே முக்கியமான வேறுபாடு. முன்னையதில் வைஃபை இயங்காமை விற்றவர் பதில்சொல்ல வேண்டிய குறை. பின்னையதில், சில்லிலேயே குறை உள்ளது என்று காட்டவேண்டி வரும்.

பழுதுபார்க்கும் உரிமையைக் கியூபெக் அண்மையில் வலுப்படுத்தியுள்ளது. திட்டமிட்ட காலாவதிக்கு எதிரான சட்டம் 2023 ஒக்டோபரில் நிறைவேறியது. உதிரிப்பாகங்கள், பழுதுபார்க்கும் சேவை, அதற்கான தகவல் ஆகியவை பற்றிய அதன் விதிகள் 2025 ஒக்டோபர் 5 முதல் நடைமுறையில் உள்ளன. மொன்றியலில் 1998 முதல் இயங்கும் இன்செர்டெக் என்ற சமூக நிறுவனம் பழைய கணினிகளைச் செப்பனிட்டு விற்பதோடு பழுதும் பார்க்கிறது. இனி எவ்வகையிலும் உதவாத கருவிகளை நகரின் எக்கோசென்டர்களில் ஒப்படைக்கலாம். குப்பையோடு சேர்த்தல் ஆகாது.

உதவி கேட்கச் செல்லும்போது

உதவுவதாகத் தாமே தொலைபேசியில் அழைப்பவருக்குக் கணினியைத் திறந்துவிடக் கூடாது. நிருவாகக் கடவுச்சொல்லை எவருக்கும் கூறக்கூடாது. பொருள் விளங்காத ஆணையை இணையத்தில் கண்டவாறே தட்டச்சு செய்தலும் தவிர்க்கத்தக்கது.

அறிந்தவர் ஒருவரிடம் செல்லும்போது, மடிக்கணினியோடு ஒரு தாளையும் எடுத்துச் செல்லவும். அதில் மடிக்கணினியின் மாதிரிப் பெயர், லினக்ஸ் பதிப்பு, வைஃபை சில்லின் பெயர், இடர் தொடங்கிய நாள், கடைசியாக அறுபட்ட நேரம், நான்கு சோதனைகளின் விடை ஆகியவை இருக்கட்டும். லினக்ஸ் தனது நிகழ்வுகளை நேரத்தோடு பதிவுசெய்து வைக்கிறது. அறுபட்ட நேரம் தெரிந்தால், அந்நேரத்தில் கணினிக்குள் என்ன நிகழ்ந்தது என்பதை வல்லுநர் தேடிக் கண்டுகொள்வார். நிறுவனத்துக்கும் வீட்டு உரிமையாளருக்கும் தீர்ப்பாயத்துக்கும் காட்டுவதற்கு அதே தாள் சான்றாகவும் அமையும்.

அருகிலுள்ள நூலகம், எக்கோசென்டர் ஆகியவற்றின் முகவரியையும் திறந்திருக்கும் நேரத்தையும் 311 என்ற நகரத் தொலைபேசி எண்ணில் கேட்டு அறியலாம்.